இலட்சத்தீவுகளின் மணல்

கடற்கரை மணல் என்றதும் ஆறுகள் மலையிலிருந்து அடித்துக் கொணரும் மணலே நம் நினைவுக்கு வரும். பெருநிலத்தின் கரைகளுக்கு இது பெரும்பாலும் பொருந்தும்; இலட்சத்தீவுகளுக்குப் பொருந்தாது. அங்கே மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அத்தீவுகளின் வெண்மணல் சுண்ணாம்பால் ஆனது. அதைப் படைத்தவை கடல்வாழ் உயிர்களே.

பவளப் பூச்சிகள் கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துப் பாறையாகக் கட்டுகின்றன. அப்பாறையை மணலாக்குவதில் அலைகளுக்குப் பங்குண்டு. அதனினும் வியப்புக்குரியது கிளிமீனின் பங்கு. கிளியின் அலகு போன்ற பற்களால் அது பாறையைச் சுரண்டி, அதன்மீது படிந்த பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்கிறது. உடன் வரும் சுண்ணாம்புத் துகள்கள் தொண்டையிலுள்ள அரைவைப் பற்களில் பொடியாகி, கழிவோடு மணலாக வெளியேறுகின்றன. நீருக்கடியில் ஓயாது சுழலும் திரிகை எனலாம். பெரிய இனங்களில் ஒரு மீனே ஆண்டுக்குப் பல நூறு கிலோகிராம் மணலைத் தரும். தெற்கே, அதே கடலடி மலைத்தொடர் மீது அமைந்த மாலத்தீவின் வக்கரு தீவில், புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கும் மேல் கிளிமீன்கள் தருவதாக 2015-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. எஞ்சியதில் பெரும்பகுதி ஹாலிமெடா என்னும் சுண்ணாம்புப் பாசி உதிர்ப்பது.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் மிகையாக வெப்பமுற்றதால் இலட்சத்தீவுப் பவளங்கள் வெளிறிப் பெருமளவில் மடிந்தன. மடிந்த பாறையில் பாசி படர்வதால் கிளிமீனுக்கு மேய்ச்சல் கூடும். சில காலம் மணல் வரத்துக் குறையாமலும் இருக்கலாம். ஆயினும் அது வட்டியில் வாழ்வதன்று, முதலைத் தின்பது.

உண்டான மணலை நிறுத்தி வைப்பது கடற்புல். அகத்தித் தீவை அடுத்த ஆழமற்ற கடற்கழியில், பச்சை ஆமைகள் பெருகி மேய்ந்ததால் கடற்புல் வெளிகள் தேய்ந்தன. ஆமையும் சட்டப் பாதுகாப்புக்கு உரியதே என்பதால் நிருவாகத்திற்கு இது எளிதில் தீராத சிக்கல்.

தீவினர் நெடுங்காலமாகத் திறந்த கடலில் சூரை மீனையே தூண்டிலிட்டுப் பிடித்து வந்தனர். கிளிமீன் முதலிய பாறைமீன்கள் அதனால் பெரிதும் தப்பின. அண்மைக் காலத்தில் பாறைமீனுக்கும் வெளிச்சந்தை வாய்த்துள்ளது. மீன்வளத் திட்டங்களை வகுப்போர் இதனைக் கருதவேண்டும். கரையோரம் அடுக்கப்படும் கான்கிரீட் பாளங்கள் அலையைத் தடுக்குமேயன்றி மணலைத் தரா.

பங்காரம் தீவையொட்டிய பரளி-1 என்னும் ஆளில்லாத் திட்டு முற்றிலும் கடலில் கரைந்துவிட்டதை 2017-இல் ஆய்வாளர் அறிவித்தனர். மக்கள் வாழும் தீவுகளிலோ கிணற்று நீரும் இம்மணலையே சார்ந்தது. மணலுக்குள் இறங்கிய மழைநீர், கீழுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. தீவு குறுகினால் அப்படலமும் குறுகும்.