வயிற்றுவலியும் கணிப்பொறியும்

பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் தோட்டத்து டிரஸ்ஸரிடம் தூக்கிக்கொண்டு ஓடிய காலம் நினைவிருக்கிறதா? வலி எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், வாந்தி உண்டா என்று அவர் கேட்பார். இதே கேள்விகளின் விடைகளை இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில், ஒரு கணிப்பொறியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் டி டோம்பலும் அவருடைய குழுவினரும் செய்த வேலை அது.

கணிப்பொறி வயிற்றைத் தொட்டுப் பார்க்காது. டாக்டர் பரிசோதித்து எழுதிய குறிப்புகளை, முன்பு வந்த நோயாளிகளின் விவரங்களோடு ஒப்பிடும். குடல்வால் அழற்சிக்கு இவ்வளவு வாய்ப்பு, பித்தப்பைக் கோளாறுக்கு இவ்வளவு வாய்ப்பு என்று கணக்குச் சொல்லும். 1972இல் முடிவு வெளிவந்தது. 304 நோயாளிகளில் கணிப்பொறி 91.8 விழுக்காடு சரியாகச் சொன்னது. மூத்த டாக்டர்கள் 79.6 விழுக்காடுதான்.

அப்படியானால் எல்லா ஆஸ்பத்திரிகளும் அதை வாங்கிப் போட்டிருக்க வேண்டுமே! அப்படி நடக்கவில்லை. டாக்டர்களுக்கு வீம்பு என்று நாம் சொல்லிவிடலாம். அது முழு உண்மையாகாது. நள்ளிரவில் நோயாளிகள் காத்திருக்கும்போது நீண்ட படிவத்தை நிரப்ப யாருக்கு நேரம்? கணக்குத் தவறி ஒரு பிள்ளைக்கு ஆபத்து நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவர் டாக்டர், பொறியன்று. காரணம் சொல்லாத யோசனையை நம்பி அவர் எப்படிக் கத்தியை எடுப்பார்? அமெரிக்காவில், ஸ்டான்ஃபோர்டில், 1970களில் உருவான 'மைசின்' என்னும் கணிப்பொறித் திட்டம், 'ஏன் கேட்கிறாய்?' என்றால் காரணம் சொல்லும். அதுவும் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு வெளியே வரவில்லை. ஆஸ்பத்திரியின் அன்றாட வேலையோடு அது ஒட்டவில்லை.

இன்று, இந்த மருந்தும் அந்த மருந்தும் ஒத்துப்போகாது என்று கணினித் திரையே எச்சரிக்கிறது. தேவையில்லாத எச்சரிக்கையும் அடிக்கடி வருவதால், பல டாக்டர்கள் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். 'புலி வருது' கதைதான்.

லீட்ஸில் இன்னொன்றும் தெரிந்தது. சோதனை நடந்த காலத்தில் டாக்டர்களின் கணிப்பே மேம்பட்டது. ஒன்று விடாமல் கேட்டு எழுதினார்கள். தாம் சொன்னது சரியா தவறா என்பதும் தெரியவந்தது. சோதனை முடிந்ததும் பழைய நிலைக்கே இறங்கினார்கள். இன்ஸ்பெக்டர் வரும் மாதத்தில் பாடம் நடத்தும் எங்களுக்கு இது வியப்பில்லை!

பொறியானாலும் டாக்டரானாலும் தொடங்குவது நாம் சொல்வதிலிருந்துதான். வலி முதலில் தொப்புளைச் சுற்றி இருந்ததா, பிறகு வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கியதா? அதைச் சொல்லுங்கள். வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்திருந்தால், ஏசுவார்களே என்று பயந்து அதை மறைக்காதீர்கள்.