மாக்கோதையின் கண்ணீர்

சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவியை இழந்து பாடிய பாட்டொன்று புறநானூற்றின் 245ஆம் செய்யுளாக நிற்கிறது. அவளை ஈமத்தீயிற் கிடத்திய பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி அம்மன்னன் நோகின்றான். வீரமும் கொடையும் பேசும் நூலிலேயே அத்துயரையும் நம் முன்னோர் சேர்த்துவைத்தனர். ஆடவன் புலம்பல் ஆண்மைக்கு இழுக்கென்று அவர்கள் கருதினாரல்லர்.

அம்மரபில் வந்த நாமோ, முழங்கால் தேய்ந்து வரும் சிறுவனை, "ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது" என்று அடக்குகின்றோம். அவன் வளர்ந்தபின் வாசிகசாலையிலிருந்து உலக அரசியல் முழுவதையும் அலசுவான். தன் மனத்துயரை மட்டும் எவரிடமும் உரையான். உறக்கமில்லை, தலையிடிக்கிறது, நெஞ்சை அடைக்கிறது என்று உடம்பின்மேற் பழியைப் போடுவான். அன்றேல் தவறணையை நாடுவான். 'விசர்' என்னும் ஒரு சொல்லுக்கு அஞ்சி உளமருத்துவரின் வாயிலை மிதியான். போர் 2009இல் முடிந்தது. மக்களைப் பறிகொடுத்த தந்தையர் பலரின் வாய் இன்னும் திறக்கவில்லை.

இவ்வடக்கத்தின் விலை சிறிதன்று. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்தனர். பின்னர் அத்தொகை பெரிதுங் குறைந்தது. எனினும் அவ்வாறு மடிவோருள் பெரும்பாலார் ஆண்களே. தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. சட்டம் இரங்கிற்று, ஊர்வாய் இரங்கிற்றா?

உதவி இல்லையென்று சொல்வதற்கில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலேயே இம்மண்ணில் உளமருத்துவப் பணியாற்றி, இம்மக்களின் மனக்காயங்களை 1998இல் ஆங்கில நூலாக வெளியிட்டார். தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளமருத்துவப் பிரிவு இயங்குகிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் உண்டு. வழி திறந்தே கிடக்கிறது, நடக்கத்தான் நாணுகிறோம். முறிந்த காலுக்கு வைத்தியரை நாடுபவனை எவரும் கோழை என்பதில்லை. நொந்த மனத்துக்கு மட்டும் வேறு நீதி ஏன்?

இந்நிலை மாறுவது வகுப்பறையிலேயே தொடங்கவேண்டும். கலங்கி நிற்கும் மாணவனை அதட்டாது, அருகழைத்து ஆறுதலாகக் கேட்கும் ஓர் ஆசிரியர், வருங்காலத்துத் தந்தை ஒருவனைக் காப்பாற்றுகின்றார். நழுவும் ஆடையைப் பற்ற விரையும் கையை நட்புக்கு உவமை சொன்னார் வள்ளுவர். அந்தக் கை, அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. வாய்திறவாத நண்பனின் படலையை நாமே சென்று தட்டுவோம்.