பெரிய கேமராவா, பாக்கெட் கேமராவா? பணம் கட்டும் முன் இரண்டு கேள்விகள்!

பல வீடுகளில் பீரோவின் மேல்தட்டில் ஒரு கறுப்புப் பை இருக்கும். உள்ளே, முதல் குழந்தை பிறந்த நேரத்தில் ஆசை ஆசையாக வாங்கிய டிஎஸ்எல்ஆர் கேமரா. குழந்தையின் முதல் பிறந்தநாள், ஒரு ஊட்டிப் பயணம், மச்சினன் கல்யாணம்... அதோடு சரி. குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பு. "அந்தக் கனத்தை யாருங்க தூக்கிட்டு அலையறது?" என்பதுதான் பதிலாக வரும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 'சட்டைப் பையிலேயே வெச்சுக்கலாம்' என்று சின்ன கேமரா வாங்கியிருப்பார்கள். மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்தில் ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து நூறு படம் எடுத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் படத்தில் கை, கால்கள் இழுபட்டிருக்கும். மீதிப் பாதியில் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்த மாலை திரும்ப வரவா போகிறது?

இரண்டு வீட்டிலும் கேமரா மேல் தவறில்லை. தேவை ஒன்று, வாங்கியது வேறொன்று. பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கும் செலவு இது என்பதால், கடைக்குப் போகும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

பெரிய கேமராவுக்குள் என்ன இருக்கிறது?

டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை ஒரு கண்ணாடி மேலே திருப்பிவிடும். அதைத்தான் நாம் வியூஃபைண்டரில் கண் வைத்துப் பார்க்கிறோம். பட்டனை அழுத்தியதும் கண்ணாடி சட்டென்று மேலே எழும்பும். வெளிச்சம் பின்னால் உள்ள சென்சாரில் விழுந்து படமாகும். 'க்ளிக்' சத்தத்தில் பெரும்பங்கு இந்தக் கண்ணாடியுடையதுதான். கேமரா பருமனாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், சென்சாரின் அளவு.

ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரில் இருக்கும் 'ஏபிஎஸ்-சி' சென்சார் சுமார் 23 மி.மீ. அகலமும் 15 மி.மீ. உயரமும் கொண்டது. சாதாரண பாக்கெட் கேமராவின் சென்சாரோ சுமார் 6 மி.மீ. அகலம், 4.5 மி.மீ. உயரம்தான். பரப்பளவில் ஏறக்குறைய 12 மடங்கு வித்தியாசம். மழை பெய்யும்போது முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் வைத்தால் எதில் அதிகத் தண்ணீர் சேரும்? வெளிச்சமும் அப்படித்தான். வெளிச்சம் குறைந்த கல்யாண மண்டபத்திலும், இரவுத் திருவிழாவிலும் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இரண்டுக்கும் நடுவில் '1 இன்ச்' சென்சார் என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதன் நிஜ அளவு 13.2 மி.மீ. அகலம், 8.8 மி.மீ. உயரம். 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100, இதை 240 கிராம் எடையுள்ள கேமராவுக்குள் அடக்கியது. ரிக்கோ ஜிஆர் 3 இன்னும் ஒரு படி மேலே போய், டிஎஸ்எல்ஆர் அளவு சென்சாரையே 257 கிராமில் வைத்தது. ஆனால், அதில் ஜூம் கிடையாது.

மெகாபிக்சல் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். ஆல்பத்தில் ஒட்டும் 6×4 இன்ச் பிரின்ட்டைத் தெளிவாகப் போடச் சுமார் 2 மெகாபிக்சல் போதும். சுவரில் மாட்டும் 18×12 இன்ச் படத்துக்கே 20 மெகாபிக்சல் தாராளம்.

கேள்வி 1: இரண்டாவது லென்ஸ் வாங்குவீர்களா?

டிஎஸ்எல்ஆரின் நிஜமான பலம், லென்ஸை மாற்ற முடிவதுதான். ஆனால் வாங்குபவர்களில் பலர், கூடவே வரும் 18-55 மி.மீ. 'கிட் லென்ஸோடு' நின்றுவிடுகிறார்கள்.

லென்ஸின் மேல் எஃப் 3.5, எஃப் 1.8 என்று ஓர் எண் எழுதியிருக்கும். எண் சிறியதாக இருந்தால், வெளிச்சம் நுழையும் வாசல் பெரியது என்று அர்த்தம். கிட் லென்ஸ், ஜூம் செய்யாதபோது எஃப் 3.5; ஜூம் செய்யச் செய்ய எஃப் 5.6-க்குப் போய்விடும். நல்ல 1 இன்ச் பாக்கெட் கேமராக்கள் பலவற்றில், ஜூம் செய்யாதபோது எஃப் 1.8 இருக்கும். இது எஃப் 3.5-ஐ விடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். சென்சார் மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம்!

அதாவது, கிட் லென்ஸை மட்டும் மாட்டிய டிஎஸ்எல்ஆரைக் கழுத்தில் சுமப்பவருக்கு, சின்ன கேமரா வைத்திருப்பவரைவிட வீட்டுக்குள் எடுக்கும் குரூப் போட்டோவில் பெரிய லாபம் இல்லை.

அதே டிஎஸ்எல்ஆரில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் கதையே மாறிவிடும். ஜூம் செய்த கிட் லென்ஸைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும். நாட்டியத்தில் வேகமான அசைவை உறைய வைக்க 1/250 வினாடி போன்ற வேகம் தேவை. மேடை வெளிச்சத்தில் அந்த வேகத்துக்கு இப்படிப்பட்ட லென்ஸ்தான் கைகொடுக்கும். பின்னணி மங்கி முகம் மட்டும் துலங்கும் படமும் இதில் எளிது. லென்ஸ்களிலேயே விலை குறைந்த வகைகளில் இதுவும் ஒன்று. வேடந்தாங்கலில் பறவைகளைப் பிடிக்க ஆசை என்றால், 300 மி.மீ. வரை போகும் டெலி லென்ஸ் வேண்டும். பாக்கெட்டில் அடங்கும் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தூரம் எட்டாது.

ஆகவே பட்ஜெட் போடும்போது, 'கேமரா + இன்னொரு லென்ஸ்' என்றே போடுங்கள். இன்னொரு லென்ஸ் வாங்கும் எண்ணமே இல்லையென்றால், டிஎஸ்எல்ஆருக்கான முக்கியக் காரணமே போய்விட்டது.

கேள்வி 2: யார் தூக்கப் போகிறார்கள்?

கேனான் 1500டி போன்ற ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர், பேட்டரியுடன் 475 கிராம். கிட் லென்ஸையும் சேர்த்தால் முக்கால் கிலோவை நெருங்கும். பை, சார்ஜர், இன்னொரு லென்ஸ் எல்லாம் சேர்ந்தால், இடுப்பில் குழந்தையை வைத்திருக்கும் அம்மாவுக்கு அது தனிச் சுமை.

இந்தக் கனம் பிரச்னை இன்று நேற்று வந்ததல்ல. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக் ஓர் ஆஸ்துமா நோயாளி. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு கேமராக்களைத் தூக்கிக்கொண்டு மலையேற அவரால் முடியவில்லை. சினிமா ஃபிலிமை வைத்துக் கையடக்கமாக ஒரு கேமராவை உருவாக்கினார். 1925-ல் 'லைக்கா' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. அவர் தேர்ந்தெடுத்த 36×24 மி.மீ. அளவுதான் இன்றைக்கும் விலை உயர்ந்த 'ஃபுல் ஃபிரேம்' கேமராக்களின் சென்சார் அளவு!

சின்ன கேமரா என்றால் விளையாட்டுப் பொருள் என்றும் நினைக்க வேண்டாம். மேக்னம் அமைப்பைச் சேர்ந்த இத்தாலியப் புகைப்படக்காரர் அலெக்ஸ் மஜோலி, 2000-களின் தொடக்கத்தில் ஈராக், காங்கோ போன்ற போர்க்களங்களையே ஒலிம்பஸ் பாக்கெட் கேமராக்களால் படமெடுத்தார். அவை சத்தம் போடுவதில்லை, எதிரில் இருப்பவர்களை மிரள வைப்பதும் இல்லை.

வீட்டிலும் இதே கதைதான். பெரிய கேமராவை நீட்டினால் பாட்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிடுவார். சின்ன கேமரா என்றால் பேரனோடு பேசிக்கொண்டே இருப்பார். சிரிப்பு சிரிப்பாகவே பதிவாகும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'கை வெச்சிடாதே, விலை ஜாஸ்தி' என்று பொத்திப் பாதுகாக்கப்படும் டிஎஸ்எல்ஆரை, வீட்டில் ஒருவர் மட்டுமே எடுப்பார். பெரும்பாலும் அது அப்பாதான். பத்து வருட ஆல்பத்தைப் புரட்டினால், அதில் அப்பாவையே காணோம்! எல்லோர் கையிலும் புழங்கும் கேமராவில்தான் எல்லோரும் இருப்பார்கள்.

போன் போதாதா?

பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் இருப்பவர்களை எடுக்கப் போன் தாராளமாகப் போதும். 2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள், 2023-ல் 80 லட்சத்துக்கும் கீழே இறங்கியதற்குப் போன்தான் முக்கியக் காரணம். ஆகவே, டம்ளர் சென்சார் கொண்ட மலிவான பாக்கெட் கேமராவை இப்போது வாங்குவதில், ஆப்டிகல் ஜூம் தவிரப் பெரிய பலன் இல்லை. பாக்கெட் கேமராதான் வேண்டும் என்றால், 1 இன்ச் சென்சாராவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வகை, ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆரைவிட விலை கூடுதலாகவே இருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். சின்னது என்றால் மலிவு என்ற கணக்கு இங்கே செல்லாது.

கடையில் கவனிக்க வேண்டியவை

* கேனான், நிக்கான் இரண்டும் இப்போது கண்ணாடி இல்லாத 'மிரர்லெஸ்' கேமராக்களில்தான் முழுக் கவனம் செலுத்துகின்றன. இவற்றிலும் லென்ஸ் மாற்றலாம். டிஎஸ்எல்ஆரைவிடக் கொஞ்சம் கச்சிதமானவை. புதிதாக வாங்குபவர்கள் இதையும் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

* எல்லோரும் மிரர்லெஸ் பக்கம் போவதால், பழைய டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் நிறையக் கிடைக்கின்றன. வாங்கும் முன், இதுவரை எத்தனை படம் எடுக்கப்பட்டிருக்கிறது என்ற 'ஷட்டர் கவுன்ட்' கேளுங்கள். ஆரம்பநிலை கேமராக்களில் 1 லட்சத்தை நெருங்கியிருந்தால் யோசியுங்கள்.

* லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலைபோல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊர்களின் ஈரப்பதத்தில் பையிலேயே மூடி வைத்த லென்ஸ்களுக்கு வரும் வியாதி இது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் தடுக்கலாம்.

* பாக்கெட் கேமராவுக்கு எதிரி, மணல். வெளியே நீளும் லென்ஸ் குழாயில் பீச் மணல் புகுந்தால், லென்ஸ் அப்படியே சிக்கிக்கொள்ளும். பழுது பார்ப்பதும் செலவு பிடிக்கும் வேலை.

* சின்ன கேமராக்களின் பேட்டரி பெரும்பாலும் 200, 300 படங்களில் தீர்ந்துவிடும். கல்யாணத்துக்கு ஒரு ஸ்பேர் பேட்டரி அவசியம்.

யாருக்கு எது?

நாட்டியம், விளையாட்டுப் போட்டி, பறவைகள் என்று குறிப்பிட்ட ஆர்வம் உள்ளவர்கள், கற்றுக்கொள்ள வாரம் சில மணி நேரம் ஒதுக்கக்கூடியவர்கள், போட்டோகிராஃபியைத் தொழிலாக்க நினைக்கும் இளைஞர்கள்... இவர்களுக்கு லென்ஸ் மாற்றும் கேமரா. பயணம், பிள்ளைகள், பண்டிகை, வீட்டுப் பெரியவர்கள் என்று அன்றாட வாழ்க்கையைச் சேமிக்க நினைக்கும் குடும்பங்களுக்கு நல்ல பாக்கெட் கேமரா.

இன்னமும் முடிவெடுக்க முடியவில்லையா? பல ஊர்களில் கேமராவை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். அடுத்த காதுகுத்துக்கோ, சுற்றுலாவுக்கோ, வாங்க நினைக்கும் மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இரவு வீட்டுக்கு வந்ததும், எத்தனை படம் எடுத்தீர்கள், வீட்டில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் சொல்வதைவிட அந்த எண்ணிக்கை சரியான பதிலைச் சொல்லும்.