ஒல்லாந்தரின் நாணயம்

"கையில் துட்டு இல்லை" என்று சொல்லாதவர் நம்மிடையே யார்? அந்தத் 'துட்டு' எங்கிருந்து வந்தது? 17-ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வாணிகம் செய்த ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், வழங்கிய 'டொய்ட்' என்னும் செப்புக்காசின் பெயரே தமிழர் நாவில் துட்டாயிற்று என்பர் அறிஞர். அந்தச் சில்லறைக் காசுக்கு மேலே தலைமை நாணயம் ஒன்று இருந்தது. அதுவே கில்டர். அதன் கதையைச் சிறிது காண்போம்.

டச்சு மொழியில் அதன் பெயர் 'குல்டன்'. 'பொன்னாலானது' என்பது பொருள். இத்தாலியின் பிளாரன்ஸ் நகரம் 1252-இல் வெளியிட்ட 'பிளோரின்' என்னும் பொற்காசே இதற்கு முன்மாதிரி. ஆகவேதான் கில்டரைக் குறிக்க 'பிளோரின்' என்பதன் முதல் எழுத்தையே கடைசி வரை எழுதி வந்தனர். பெயரில் பொன் நிலைத்தது. காசோ பிற்காலத்தில் வெள்ளியாகி, இறுதியில் நிக்கலும் ஆயிற்று!

வாணிகம் பெருகிய ஆம்ஸ்டர்டாம் நகரில் பல நாட்டுக் காசுகள் புழங்கின. ஓரம் சுரண்டப்பட்டு எடை குறைந்தவையும் அவற்றுள் இருந்தன. எதை நம்புவது? இதற்குத் தீர்வாக 1609-இல் ஆம்ஸ்டர்டாம் வங்கி நிறுவப்பட்டது. வணிகர் கொண்டுவரும் காசை வங்கி நிறுத்து, மாற்றுப் பார்த்து, அதன் உண்மை மதிப்பைக் கணக்கில் வரவு வைக்கும். பின்னர் ஒருவர் கணக்கிலிருந்து மற்றொருவர் கணக்குக்குப் பேனா முனையாலேயே பணம் நகரும். ஐரோப்பா முழுவதும் அவ்வங்கியை நம்பியது. ஆனால் அது கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மறைவாகக் கடன் கொடுத்து வந்தது. 1780-இல் இங்கிலாந்துடன் மூண்ட போரில் கம்பெனி நொடித்தது. இரகசியம் வெளிப்பட்டதும் வங்கியின் மதிப்புச் சரிந்தது. பின்னர் அது மூடப்பட்டது.

1814-இல் நெதர்லாந்து வங்கி என்னும் புதிய வங்கி தோன்றியது. அதுவரை 20 ஸ்டைவர் கொண்டதாயிருந்த கில்டர், 1816-இல் 100 சென்ட் கொண்டதாயிற்று. பிற்காலத்தில் அந்நாட்டின் தாள் நோட்டுகள் அழகுக்குப் பெயர் பெற்றன. 50 கில்டர் நோட்டில் சூரியகாந்தியும், 250 கில்டர் நோட்டில் கலங்கரை விளக்கமும் ஒளிர்ந்தன. பார்வையற்றோர் தடவி அறியும் குறிகளும் அவற்றில் இருந்தன.

இத்தகைய நாணயத்தை அம்மக்கள் ஏன் கைவிட்டனர்? சிறிய நாடான நெதர்லாந்து அண்டை நாடுகளுடனான வாணிகத்தால் வாழ்வது. 1983 முதல் கில்டரின் மதிப்பை ஜெர்மானிய மார்க்குடன் பிணைத்தே வைத்திருந்தனர். ஜெர்மனி வட்டியை உயர்த்தினால் இவர்களும் உயர்த்த வேண்டும். அம்முடிவில் இவர்களுக்குக் குரல் இல்லை. பொது நாணயமானால் முடிவெடுக்கும் மேசையில் ஓர் இருக்கை கிடைக்கும் அன்றோ? 1992-இல் யூரோவுக்கு வழிவகுத்த ஒப்பந்தம் டச்சு நகரமான மாஸ்டிரிக்ட்டிலேயே கையெழுத்தாயிற்று. ஐரோப்பிய மத்திய வங்கியின் முதல் தலைவரான விம் டுய்சன்பெர்க்கும் டச்சுக்காரரே.

1999-இல் யூரோ கணக்கேடுகளில் புகுந்தது. 1 யூரோவுக்கு 2.20371 கில்டர் என மதிப்பு நிலைப்படுத்தப்பட்டது. 2002 ஜனவரி 1 அன்று 12 நாடுகளில் யூரோ மக்கள் கைக்கு வந்தது. நெதர்லாந்தில் நான்கே வாரங்களில் கில்டர் விடைபெற்றது. 10 கில்டர் 4.54 யூரோவாகச் சுருங்கிற்று. உணவகங்களில் விலை ஏறிவிட்டதென்று மக்கள் முணுமுணுத்தனர். பெட்டியடியில் மறந்து கிடக்கும் பழைய நோட்டுகளில் பெரும்பாலானவற்றை நெதர்லாந்து வங்கி 2032 தொடக்கம் வரை மாற்றித் தரும்.

டச்சு நாட்டின் 2 யூரோ காசின் விளிம்பில், கில்டரில் இருந்த அதே சொற்றொடர் இன்றும் உள்ளது: "கடவுள் நம்மோடு இருப்பாராக." தமிழில் 'நாணயம்' என்றால் காசு, நேர்மையும் அதுவே. ஆம்ஸ்டர்டாம் வங்கி இழந்தது இரண்டாவதை. அதனால் முதலாவதும் நிற்கவில்லை. எப்பெயரில் காசு வழங்கினாலும் இவ்வுண்மையை நாம் மறவாதிருப்போமாக!