நிமிர்ந்து நில்!

"நிமிர்ந்து நில்!" என்னும் சொற்களை என் ஆசிரிய வாழ்வில் எத்தனை ஆயிரம் முறை கூறியிருப்பேனோ அறியேன். ஆயின், ஒரு சிறுமியிடம் அவற்றைக் கூறியமைக்காக இன்றும் நாணுகின்றேன்.

எட்டாம் வகுப்பு மாணவி அவள். காலைப் பிரார்த்தனையின்போது அவளது வலத்தோள் உயர்ந்தும் இடத்தோள் தாழ்ந்தும் காணப்படும். சோம்பலென்று கருதிப் பலர் முன்னிலையில் பலமுறை கண்டித்தேன். "நேராகத்தான் நிற்கிறேன், சேர்" என்று ஒருநாள் மெல்லக் கூறினாள். அதனையும் பிடிவாதமென்றே எண்ணினேன். சில மாதங்களின் பின் அவளுடைய தாயார் கொணர்ந்து காட்டிய எக்ஸ்றே படம் என் வாயை அடைத்துவிட்டது. முள்ளந்தண்டு பக்கவாட்டில் வில்லென வளைந்திருந்தது.

வைத்தியர் இதனை ஸ்கோலியோசிஸ் என்பர். அமெரிக்க வைத்தியர் ஜோன் கொப் 1948இல் விளக்கிய முறைப்படி அளக்கும்போது, பக்கவளைவு 10 பாகையோ அதற்கு மேலோ இருப்பின் அப்பெயர் பெறும். கட்டிளம் பருவத்தினருள் நூற்றுக்கு இருவர் மூவரிடம் இது காணப்படுகின்றது. பெரும்பாலும் காரணம் புலப்படுவதில்லை. புத்தகச் சுமையோ கூனி அமர்தலோ இதனை உண்டாக்குவதில்லை.

அவ்வாறாயின் நலமுள்ள முள்ளந்தண்டு நேர்கோடுதானா? பின்னாலிருந்து நோக்கினால் நேரே. பக்கத்திலிருந்து நோக்கினாலோ அதுவும் வளைவே. கழுத்தில் முன்னோக்கியும், மார்பில் பின்னோக்கியும், இடுப்பில் மீண்டும் முன்னோக்கியும் வளைந்து, தலையின் பாரத்தை இடுப்பெலும்பின் மேல் சமநிலையில் நிறுத்துகின்றது. நோயுற்ற பிள்ளையிலோ எலும்புகள் பக்கம் சாய்வதோடு திருகவுஞ் செய்கின்றன. அதனால் முதுகின் ஒருபுறத்தே விலா எலும்புகள் புடைக்கின்றன. அதே வேளை, மார்புப் பகுதியின் இயல்பான வளைவு பலரிடம் குறைந்து தட்டையாகிவிடுகின்றது. இருக்கத்தகாத வளைவு தோன்ற, இருக்கவேண்டிய வளைவு மறைகின்றது!

நேராக்குவதே நலமென்ற எண்ணம் வைத்தியரையும் ஒருகாலத்தில் ஏமாற்றியது. ஹூஸ்ரன் நகரத்து போல் ஹரிங்ரன் 1950களில் அமைத்த உலோகத் தண்டு பக்கவளைவைப் பெரிதும் குறைத்தது. ஆனால், கீழ்முதுகின் இயல்பான வளைவும் அதனால் தட்டையாக்கப்பட்டோருட் பலர், ஆண்டுகள் செல்ல முன்சாய்ந்து நின்று வலியால் வருந்தினர். 1980களில் பிரான்சியரான கொத்ரெலும் துய்புசேயும் ஒரு வளைவை நீக்கும்போதே மற்றையதைக் காக்கும் முறையை வகுத்தனர்.

வளரும் பருவத்திற் கண்டறிந்தால் சத்திரசிகிச்சையையே பலர் தவிர்க்கலாம். 2013இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றில், கவசம் அணிந்தோருள் நூற்றுக்கு 72 பேரின் வளைவு எலும்பு முதிரும்வரை 50 பாகையை எட்டவில்லை; அணியாதோருள் அத்தகையோர் 48 பேரே. கண்டறியும் முதற்படியும் எளிது. கால்களைச் சேர்த்து, முழங்கால் மடக்காது, முன்னே குனியச் செய்து முதுகைப் பார்த்தால் ஒருபுறப் புடைப்புத் தெரியும். இன்று தோள் ஏறியிருக்கும் மாணவியைக் கண்டால் நான் கண்டிப்பதில்லை. உடற்பயிற்சி ஆசிரியையிடம் அனுப்புகின்றேன்.

அச்சிறுமி கவசம் அணிந்து வகுப்பிற்கு வந்த முதல்நாள், எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்டித்ததும் எல்லோர் முன்னிலையில் அன்றோ?