போனோம், போய்வந்தோம், திரும்பினோம்

வாகரைப் பக்கத்தில் ஒரு தடவையேனும் இடம்பெயராத குடும்பத்தைக் காண்பது அரிது. 1990 இல் யுத்தத்தால், 2004 டிசம்பர் 26 இல் கடலால், 2006 கடைசியிலிருந்து 2007 சனவரி வரை மீண்டும் யுத்தத்தால் என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் பதிவு, படிவம், கடிதம். அவற்றில் பல ஆங்கிலத்தில் இருந்தன. நாம் தமிழில் சொன்னதை வேறொருவர் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போனதும் உண்டு. போவதையும் வருவதையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் சில ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் நம்முடைய கதையே மாறிவிடும்.

"மகன் கட்டாருக்குப் போயிருக்கிறார்" என்கிறோம். இப்போது அங்கே நிற்கிறார் என்பதும் இதன் பொருள். முன்பு ஒருமுறை போனவர் என்பதும் இதன் பொருள். பேச்சின் போக்கை வைத்துக் கேட்பவர் விளங்கிக்கொள்வார். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. "ஹாஸ் கோன் ரு கட்டார்" என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. "ஹாஸ் பீன் ரு கட்டார்" என்றால் போய்வந்துவிட்டார். வீட்டில் இருக்கும் மகனைப் பற்றி "ஹாஸ் கோன்" என்று எழுதினால், குடும்ப எண்ணிக்கையில் ஒருவர் குறைந்துபோவார். எதிரே நின்றுகொண்டு "ஐ ஹாவ் கோன் ரு கொழும்பு" என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார். ஆள் இங்கே அல்லவா நிற்கிறார்! ஆண்டையோ நாளையோ சேர்த்துச் சொல்வதானால் இவ்விரண்டும் வேண்டாம், "வென்ற் ரு" போதும்: "வென்ற் ரு கட்டார் இன் 2005". ஆனால் அது போனதை மட்டுமே சொல்லும். திரும்பி வந்தாரா என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

காணி பார்க்கப் போவதும் இப்படித்தான். பகலில் போய்க் கிணற்றை இறைத்து, வேலியைப் பார்த்துவிட்டு, பொழுதுபட முகாமுக்கு வந்தவர் "விசிற்றட்" என்றுதான் எழுத வேண்டும். "றிற்றேண்ட்" என்று எழுதினால் ஊரில் குடியிருக்கத் திரும்பிவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள். நிவாரணப் பட்டியலில் பெயர் இருப்பதும் போவதும் அந்த ஒரு சொல்லில் தங்கியிருக்கலாம்.

புறப்பட்டதைச் சொல்வதில்தான் கூடிய கவனம் வேண்டும். "வீ லெஃப்ற் அவர் லாண்ட்" என்றால் காணியை விட்டுப் போனோம் என்பது மட்டுமே. ஏன் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. கைவிட்டோம் என்றும் வாசிக்க இடமுண்டு. "வீ வேர் டிஸ்பிளேஸ்ட்" என்றால் எங்கள் விருப்பமின்றி இடம்பெயர்க்கப்பட்டோம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேமிற் பெற்ற காணிக்கு நிபந்தனைகள் உண்டு. செய்கைபண்ணாமல் கிடந்த ஆண்டுகளுக்குக் காரணம் கேட்கப்பட்டால் இவ்வேறுபாடு பெரிது. உறுதிக் காணியிலும் அப்படியே. பிறர் 10 ஆண்டுகள் இடைவிடாமல் ஆண்ட காணிக்கு உரிமை கோரலாம் என்ற சட்டம் இருந்தபடியால், யுத்தத்தினால் தம் உரிமையை நாட முடியாமற்போனவர்களுக்கென்று 2016 இல் விசேட சட்டமொன்று இயற்ற வேண்டிவந்தது. "போகவில்லை" வேறு, "போகமுடியவில்லை" வேறு. ஆங்கிலத்தில் முன்னதற்கு "டிட் நொற் கோ", பின்னதற்கு "குட் நொற் கோ".

திரும்பியதைச் சொல்வதிலும் இதே கதைதான். 2007 மார்ச்சில் வாகரைக்கு மக்களை அனுப்பத் தொடங்கியபோது, எல்லோரும் விரும்பித்தான் போகிறார்களா என்ற கவலையை ஐ.நா. அகதிகள் நிறுவனமே வெளியிட்டது. தாமாகப் போனவருக்கு "வென்ற் பேக்"; அனுப்பப்பட்டவருக்கு "வேர் சென்ற் பேக்". நடந்தது எதுவோ அதை எழுதுங்கள்.

இனி, "றிசெற்றில்ட்" என்ற சொல். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் பற்றி 1998 இல் ஐ.நா.வில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டும் கோட்பாடுகளில், சொந்த இடத்துக்குப் போவது "றிற்றேண்". நாட்டின் வேறொரு பகுதியில் குடியமர்வது "றிசெற்றில்". இலங்கை அரச ஆங்கிலத்திலோ சொந்த ஊருக்குத் திரும்புவதையும் "றிசெற்றில்மன்ற்" என்றே எழுதிவந்தார்கள். நம்முடைய "மீள்குடியேற்றம்" அதன் தமிழ். ஆகவே வெளிநாட்டார் ஒருவர் "றிசெற்றில்ட்" என்று வாசித்தால், வேறிடத்தில் காணி கிடைத்துவிட்டது என்று நினைக்கக்கூடும். மாற்றுக் காணிக்கு "றிலொகேற்றட்" என்ற தனிச்சொல்லும் உண்டு. வெருகலுக்கு அப்பால் சம்பூரிலிருந்து 2006 இல் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, மாற்றுக் காணி வேண்டாம், சொந்தக் காணியே வேண்டும் என்று ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தன. 2015, 2016 ஆம் ஆண்டுகளில்தான் காணிகள் விடுவிக்கப்பட்டன. அவர்கள் கேட்டது "றிற்றேண்", காட்டப்பட்டது "றிலொகேசன்". என் எண்ணத்தில், "றிசெற்றில்ட்" என்ற சொல்லைத் தனியே விடாமல் "ரு அவர் ஓன் லாண்ட்", அதாவது எங்கள் சொந்தக் காணிக்கு, என்று சேர்த்து எழுதுவதே பாதுகாப்பானது.

அரச அலுவலகங்களுக்கு இந்தச் சிரமம் தேவையில்லை. தமிழ் 1987 முதல் அரசகரும மொழி. பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலையும் தமிழில் கேட்கலாம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேறொருவர் உங்களுக்காக ஆங்கிலத்தில் எழுதினால், கையெழுத்து வைக்குமுன் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். போனோம், வந்தோம் என்று வரும் இடங்களில் நிறுத்தி, "இப்போது நாங்கள் எங்கே இருப்பதாக இதில் இருக்கிறது?" என்று கேளுங்கள்.