பாயைத் தூக்கிப் பாருங்கள்

தூத்துக்குடியில் மச்சான் பழைய குட்டி யானை லோடு வண்டி ஒன்று வாங்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். வண்டி பளிச்சென்று இருந்தது. பின்பக்கம் லோடு ஏற்றும் பாடியில் கறுப்பு ரப்பர் மேட்டை ஓரம் வரைக்கும் அளவாக வெட்டி விரித்திருந்தார்கள். “எடுத்த அன்னைக்கே மேட் போட்டாச்சு. தளத்துல ஒரு கீறல் கிடையாது” என்றார் விற்பவர். எங்களோடு வந்திருந்த டிங்கர் அண்ணாச்சி பதில் சொல்லவில்லை. ஸ்குரூடிரைவரை மேட்டின் மூலையில் செருகி நெம்பினார். அடியில் தகரம் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் நிறத்தில் ஏதோ பொரபொரவென்று உதிர்ந்தது. ஓட்டை வழியாக ஸ்டெப்னி டயர் தெரிந்தது.

“மேட்டு நல்லாத்தான் இருக்கு” என்றார் அண்ணாச்சி. “வேணும்னா அதை மட்டும் வாங்கிக்கிடுங்க.”

அந்த வண்டி பல வருடங்களாக மீன் ஏற்றியிருக்கிறது. விற்பவர் பொய் சொல்லவும் இல்லை. அவர் சொன்னபடி தளத்தில் ஒரு கீறலும் விழவில்லைதான். கீறல் விழத் தளமே இல்லை என்பதுதான் அவருக்குத் தெரியாமல் போயிற்று, மேட்டை அவர் தூக்கிப் பார்த்ததே இல்லை.

புது வண்டி எடுத்ததும் பாடிக்கு என்ன விரிக்கலாம் என்று கேட்காதவர்கள் குறைவு. ரப்பரா, பிளைவுட்டா, செக்கர் பிளேட்டா, இப்போது வீடியோக்களில் காட்டுகிற ஸ்பிரே கோட்டிங்கா? எல்லாருடைய பயமும் மேலிருந்து விழும் அடியைப் பற்றியது. செங்கல் விழும், கம்பி உரசும், சிலிண்டரை உருட்டினால் பள்ளமாகும். ஆனால் அடிபட்டுப் பள்ளமான தளம் பல வருடம் ஓடும். அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். தளத்தைத் தின்பது அடியில் தங்கும் ஈரம். ஆகவே எந்தப் பொருள் கெட்டி என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே போன தண்ணீர் எந்த வழியாக வெளியே வரும் என்று கேட்க வேண்டும்.

மீன் வண்டியையே எடுத்துக்கொள்வோம். ஐஸ் உருகுகிறது, கடல் உப்போடும் மீன் கழிவோடும் கலந்து மேட்டின் ஓரமாக இறங்குகிறது. வெறும் தகரமாக இருந்தால் தூத்துக்குடி வெயிலுக்கு அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். மேட்டுக்கு அடியில் போனது காயாது. இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். அதோடு உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்கு கூடும். போதாததற்கு, மேட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே சிக்கிய மணல், வண்டி குலுங்கும்போதெல்லாம் உப்புத்தாள் மாதிரி பெயின்ட்டைத் தேய்க்கிறது. காப்பதற்காகப் போட்ட விரிப்பே பெயின்ட்டை உரித்துத் தகரத்தை உப்புத்தண்ணீருக்குக் காட்டிக்கொடுக்கிறது.

மீன் மட்டுமல்ல, உரமும் இப்படித்தான். பொட்டாஷ் என்று வாங்குகிறோமே, அது பொட்டாசியம் குளோரைடு. சோற்று உப்புக்குச் சகோதரன். சாக்கு கிழிந்து ஒரு கைப்பிடி சிந்தினால் போதும், காற்றிலிருக்கும் ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். செங்கல்லும் ஜல்லியும் ஏற்றுகிறவருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவருடைய எதிரி உண்மையாகவே அடிதான். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் என்ன போட்டிருக்கிறார் என்று பார்த்துப் போடுவதில் அர்த்தமில்லை. அவர் என்ன ஏற்றுகிறார் என்று பார்க்க வேண்டும்.

கல், கம்பி ஏற்றுகிறவர்களின் முதல் தேர்வு செக்கர் பிளேட். கால் வழுக்காது, பார்க்கவும் மிடுக்காக இருக்கும். ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். ஏழடிக்கு ஐந்தடித் தளம் என்றால் 35 சதுர அடி. அதற்கு 3 மில்லிமீட்டர் இரும்பு பிளேட் போட்டால் ஏறக்குறைய 80 கிலோ. முக்கால் டன் இழுக்கும் சின்ன வண்டியில் அது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். ஒன்றரை மூட்டை சிமென்ட்டைப் போகும்போதும் வரும்போதும் கூலியில்லாமல் சுமப்பதற்குச் சமம், அதுவும் வண்டி இருக்கும் வரைக்கும். ஒன்றேகால் டன் பிக்கப்புக்கு இது பெரிதாகத் தெரியாது. குட்டி யானைக்குத் தெரியும்.

எடைக்குப் பயந்து அலுமினிய செக்கர் பிளேட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. எடை மூன்றில் ஒரு பங்காகிவிடும், நல்லதுதான். ஆனால் அலுமினியமும் இரும்பும் உப்புத்தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அங்கே ஒரு சின்ன பேட்டரி உண்டாகிவிடுகிறது. அதில் அரிக்கப்படுவது அலுமினியம். போல்ட்டு போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். இரண்டு உலோகமும் தொடாமல் நடுவே ரப்பர் வாஷரும் நல்ல பிரைமரும் கொடுத்துப் பொருத்தினால் பிழைத்துக்கொள்ளும். காய்கறி, துணி என்று உலர்ந்த சரக்கு ஏற்றுகிறவர் இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டாம்.

பிளைவுட்டைக் கேலியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. லாரியின் தளமே மரப்பலகையாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அமெரிக்காவின் பழைய பிக்கப்களிலும் அப்படித்தான், பலகைகளுக்கு நடுவே இரும்புப் பட்டை ஓடும். சரக்கு பட்டையின்மேல் வழுக்கிப் போகும், பலகை அடி வாங்கும், கெட்டுப்போன பலகையை மட்டும் மாற்றுவார்கள். பலகைக்குப் பலகை இடைவெளி இருந்ததால் தண்ணீருக்கும் வழி இருந்தது. இன்றைய பிளைவுட்டில் அந்த இடைவெளி இல்லை. நனைந்தால் ஊறி, ஈரத் துணியைப் போலத் தகரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது கழற்றி வெயிலில் நிறுத்த மனமுள்ளவர்களுக்கு அது மலிவான, நல்ல பொருள். வண்டியில் ஆடு ஏற்றுகிறவர்கள் மணலும் வைக்கோலும் பரப்பிக் கொண்டுபோய் இறக்கியதும் கூட்டித் தள்ளுகிறார்கள். யோசித்தால் அதைவிடச் சிறந்த விரிப்பு ஏது, வேலை முடிந்ததும் வெளியே போய்விடுகிறதே!

பாடி விரிப்பைப் பெரிய வியாபாரமாகவே ஆக்கியவர்கள் அமெரிக்கர்கள். அங்கே பிக்கப் என்பது லோடு வண்டியும் குடும்ப வண்டியும் சேர்ந்தது. முதலில் வந்தவை தொட்டி மாதிரி வார்த்த பிளாஸ்டிக் லைனர்கள், வண்டிக்குள் அப்படியே இறக்கிவிடலாம். அவற்றிலும் நம் ரப்பர் மேட்டின் கதைதான்: அடியில் ஈரம், குலுங்கிக் குலுங்கி உரசல். அடுத்து வந்தது தெளிக்கிற லைனர். ரைனோ லைனிங்ஸ் 1988-லும் லைன்-எக்ஸ் 1993-லும் தொடங்கிய நிறுவனங்கள். பாலியூரித்தேன் அல்லது பாலியூரியா ரசாயனத்தின் இரண்டு பாகங்களை ஸ்பிரே துப்பாக்கியின் முனையில் கலந்து அடித்தால், தகரத்தோடு ஒட்டி, சொரசொரப்பான தோலாக இறுகிவிடும். தோலுக்கும் தகரத்துக்கும் நடுவே இடைவெளியே கிடையாது என்பதால் தண்ணீர் தங்க இடமில்லை. யோசனை அருமையானது.

மேலிருந்து விழும் அடிக்கும் அங்கே ஒரு கதை உண்டு. 2016-இல் செவ்ரோலே நிறுவனம் ஒரு விளம்பரம் வெளியிட்டது. ஃபோர்டு எஃப்-150 வண்டியின் பாடி அதற்கு முந்தைய வருட மாடலிலிருந்து அலுமினியத்துக்கு மாறியிருந்தது. செவ்ரோலேக்காரர்கள் தங்கள் இரும்பு வண்டியிலும் அதிலும் 825 பவுண்டு, அதாவது 370 கிலோவுக்கும் மேலான கற்களை ஐந்தடி உயரத்திலிருந்து கொட்டினார்கள். அலுமினியத்தில் ஓட்டை விழுந்தது. இரும்பில் பள்ளங்கள். அங்கே பெரிய விவாதமாயிற்று. நான் கவனித்தது வேறு: இரண்டு வண்டியிலும் ஒரு பழைய மேட்கூட விரிக்கவில்லை. கல் ஏற்றிப் பழகிய யாரும் அப்படிக் கொட்டமாட்டார்கள்.

அந்த நாட்டிலிருந்து வந்த ஓர் எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். 1998-இல் அங்கிருக்கும் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பிளாஸ்டிக் லைனர் போட்ட பிக்கப்பில் கேனை வைத்தபடியே பெட்ரோல் நிரப்பினால் தீப்பற்றலாம் என்று அறிவித்தது. பெட்ரோல் பாயும்போது உண்டாகும் நிலை மின்சாரம் வழக்கமாகத் தரைக்கு இறங்கிவிடும். லைனர் நடுவே இருந்தால் இறங்க வழியில்லாமல் கேனில் சேர்கிறது. பம்பின் முனை அருகே வந்ததும் பொறி பறக்கிறது. வயலில் மோட்டாருக்கும் மருந்து அடிக்கிற மெஷினுக்கும் வண்டியில் கேனோடு போய் பெட்ரோல் பிடித்துவருவது நம் ஊரிலும் நடப்பதுதான். விரிப்பு எதுவாக இருந்தாலும் கேனைக் கீழே இறக்கித் தரையில் வைத்துவிட்டுப் பிடியுங்கள்.

ஸ்பிரே அடிக்கும் முடிவுக்கு வந்தவர்களுக்கு இரண்டு விஷயங்கள். ஒன்று, அடிக்கிறவர் கடையில் எவ்வளவு நேரம் தேய்க்கிறார்கள் என்று பாருங்கள். தெளிப்பது கொஞ்ச நேர வேலை. பழைய பெயின்ட்டின் பளபளப்பை எடுத்து, துருவைச் சுரண்டி, எண்ணெய்ப் பசை போகத் துடைப்பதுதான் முக்கால்வாசி வேலை. துருவின் மேலேயே அடித்துவிட்டால் அது உள்ளே இருந்தபடி தின்னும், வெளியே தோல் மட்டும் அழகாக இருக்கும். தூத்துக்குடி மேட்டின் கதை மறுபடியும், இந்த முறை தூக்கிப் பார்க்கக்கூட முடியாது. இன்னொன்று, வெயில். இந்தக் கோட்டிங்கில் விலை குறைந்த ரகங்கள் வெயில் பட்டு வெளுத்துச் சாம்பல் பூக்கும். பலம் உடனே போய்விடாது, ஆனால் ‘புதுசு மாதிரியே இருக்கும்’ என்ற பேச்சை நம்பவேண்டாம்.

அடிக்கிற தம்பியின் முகத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடித்தால் அந்தக் கடையைவிட்டு வந்துவிடுங்கள். தெளிக்கும்போது கிளம்பும் புகையில் ஐசோசயனேட் இருக்கிறது. பிக்கப் லைனர் தெளிப்பவர்களுக்கு அதனால் ஆஸ்துமாவும் சாவும் வரலாம் என்று அதே அமெரிக்க நிறுவனம் 2006-இல் தனியாக ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது. வெளிக்காற்றைக் குழாயில் கொடுக்கும் முகமூடி இல்லாமல் செய்யக்கூடாத வேலை அது. நம் வண்டித் தகரத்தைக் காக்க ஒருவர் நுரையீரலைக் கொடுக்க வேண்டியதில்லை.

மச்சான் கடைசியில் வேறு வண்டி எடுத்தார். வாழைத்தாரும் தேங்காயும்தான் வழக்கமான லோடு, வாரத்துக்கு இரண்டு நாள் மீன். ஸ்பிரேதான் வேண்டும் என்று நின்றார். அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. தளத்தைத் தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, மேலே இரண்டு கோட் பெயின்ட். அதற்கு மேல், அடிப்பக்கம் வரி வரியாக இருக்கும் கனமான ரப்பர் மேட். அதையும் ஒரே துண்டாக விரிக்க விடாமல் நடுவில் வெட்டி இரண்டாக்கினார்.

“நல்லா இருந்ததை ஏன் அண்ணாச்சி வெட்டுறிய?” என்று மச்சான் பதறினார்.

“முப்பது கிலோவை ஒத்தையாளு தூக்க மாட்டான். தூக்க முடியலேன்னா நீங்க கழுவவும் மாட்டிய.”

பிறகு டிரில்லிங் மெஷினை எடுத்துத் தளத்தின் மூலைகளில் ஓட்டை போடத் தொடங்கினார். புது பெயின்ட்டில் ஓட்டையா என்று மச்சான் முகம் சுருங்கியது. ஓட்டையின் விளிம்புகளில் பிரஷ்ஷால் பிரைமர் தடவிக் காயவிட்டு, ஒரு வாளித் தண்ணீரை கேபின் பக்கமிருந்து ஊற்றினார். மூவரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் தளத்தில் ஓடி, மூன்று மூலையில் இறங்கிவிட்டது. இடதுபக்க முன்மூலையில் மட்டும் ஒரு உள்ளங்கை அளவுக்குத் தேங்கி நின்றது. அண்ணாச்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்த ஓட்டையை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி, இன்னொன்று போட்டார்.